பிறவாதவர்க்குப் பட்ட கடன்: காவிரிப் படுகையும் ஓராண்டு வரவுசெலவும்

மாநில அரசின் நிதிநிலை அறிக்கைக்கு ஆயுள் ஓராண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது பிரிவு, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவுசெலவு விவரத்தைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. மானியக் கோரிக்கைகளின் மீது வாக்களித்து ஒதுக்கிய பணம், செலவாகாமல் இருந்தால் மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். அந்தப் பணத்தில் எழும் அணையும் மதகும் கரையும் தலைமுறைகளைத் தாண்டி நிற்பவை. இந்தப் பொருத்தமின்மையை நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்ப்பது வழக்கம். அதன் அடியில் அறத்தைப் பற்றிய கேள்வி ஒன்று கிடக்கிறது. வாக்குரிமை இல்லாத, குரல் இல்லாத, இன்னும் பிறக்கவே இல்லாத மக்களுக்கு ஓர் அரசு கடன்பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது என்றால், அந்தக் கடன் எந்தக் கணக்கில், எந்தத் தலைப்பின் கீழ் ஏற வேண்டும்?

இந்தக் கேள்வியைக் காவிரிப் படுகையில் உள்ள நீடாமங்கலத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்துவரும் வெண்ணாறு, ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் மூன்றாகிறது. ஒரு கிளை வெண்ணாறு என்ற பெயரோடே கிழக்கே தொடர்கிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டைக் காயலை அடைகின்றன. இந்தத் தலைப்பில் ஷட்டரை எவ்வளவு ஏற்றுகிறார்கள், எவ்வளவு இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கீழே உள்ள கடைமடை வயல்களின் குறுவையும் சம்பாவும் அமைகின்றன. இங்கே எந்த வேலையும் அந்த ஆண்டுக்கு மட்டுமான வேலை அன்று. கரையில் இந்த ஆண்டு போடாத மண், எந்த ஆண்டு மழையில் உடைப்பாக வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைப்பு வரும்போது அந்த மண்ணைப் போடாமல் விட்டவர்கள் பதவியில் இருக்க மாட்டார்கள்.

எதிர்காலத்தை நினைத்துச் செலவிடும் வழக்கம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் அறக்கட்டளைகள் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்று பொறிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அளவு. அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர். ஆடு ஒவ்வொன்றும் சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ஆட்டின் சாவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடுசெய்யும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்த ஏற்பாடு இது. இன்றைய கணக்கியல் தேய்மானம் என்று சொல்வதை அவர்கள் சொத்துக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இதன் சமய அடிப்படையை நன்கு காட்டுவது கல்வெட்டுகளின் முடிவுரை. தருமத்தைக் கெடுப்பவனுக்குச் சாபம் இடுவது ஒரு வகை. கொடையாளி, இந்த அறத்தை இனி வரும் நாளில் காப்பவன் எவனோ அவன் பாதம் தன் தலைமேல் இருப்பதாகச் சொல்வது இன்னொரு வகை. அரசனும் அரசியும் தாம் ஒருபோதும் காணப்போகாத, பெயர் தெரியாத ஒரு காவலனை வணங்குகிறார்கள். கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகிறது. அறம் தன்னால் தொடங்கப்பட்டாலும், அது நிலைப்பது வேறொருவர் கையில் இருக்கிறது என்ற தெளிவு இதில் உண்டு. நெடுங்காலத் திட்டம் தீட்டும் எந்த அரசுக்கும் முதலில் வேண்டியது இந்தத் தெளிவுதான்.

இதைவிடப் பழைய கருத்து ஒன்றும் உண்டு. வைதிக மரபில் மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான்: முனிவர்களுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு. முன்னோர் கடனை முன்னோரிடமே திருப்பித் தர வழியில்லை. பிள்ளை பெற்று வளர்ப்பதே அந்தக் கடனைத் தீர்க்கும் முறை என்று அம்மரபு சொல்கிறது. அதாவது, பின்னால் பட்ட கடனை முன்னால் செலுத்துவது. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் வைக்கும் வாதமும் இந்தத் திசையில் செல்கிறது. மறுமையும் வெற்றியும் நிலைத்த புகழும் வேண்டுமானால் ஓடும் நீரைத் தேக்கி வை என்பது அங்கே அரசனுக்குச் சொல்லப்படும் வழி. நீர்நிலை அமைப்பது அரசனின் ஆன்மிகக் கடமைக்குள்ளேயே வந்துவிடுகிறது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையிலிருந்து இன்றும் தண்ணீர் பெறும் உழவருக்கு, கரிகாலனுக்கு அந்தக் கடனைத் திருப்பும் வழி ஏதும் இல்லை. அடுத்தவருக்கு வாய்க்காலைத் தூர்க்காமல் விட்டுச் செல்வதே மிச்சம் இருக்கும் வழி.

எதிர்காலத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லும் முறைகளும் உண்டு. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளிடம் முதலாக வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி பெறும் ஏற்பாடு காணப்படுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. எட்டுக் காசு வைத்தால் ஆண்டுக்கு ஒரு காசு, முடிவே இல்லாமல். இன்றைய பொதுத்திட்ட மதிப்பீட்டில், வருங்காலத்தில் கிடைக்கும் பயனை ஆண்டுக்கு ஒரு விகிதத்தில் கழித்துக் கழித்து இன்றைய மதிப்பாக்குகிறார்கள். 12 விழுக்காடு கழித்தால், 50 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய்ப் பயனுக்கு இன்றைய மதிப்பு சுமார் 35 காசு. பேரன் காலத்து அறுவடை இன்றைக்கு ஒரு மிட்டாய் விலைகூட இல்லை என்றாகிறது. விகிதத்தை 3 விழுக்காடாக்கினால் அதே 100 ரூபாய் ஏறத்தாழ 23 ரூபாய் பெறும். கரையை உயர்த்தலாமா வேண்டாமா என்ற முடிவு இந்த ஒரு விகிதத்தில் மாறிவிடும்.

இரண்டு கணக்கும் ஒரே கணக்குத்தான் என்பது நின்று கவனிக்க வேண்டிய விஷயம். பன்னிரண்டரை விழுக்காட்டில், ஆண்டுக்கு ஒரு காசு வீதம் என்றென்றைக்கும் வரும் வருமானத்தின் இன்றைய மதிப்பு எட்டுக் காசு. மதிப்பீட்டாளர் அதைப் படிக்கும்போது, வரப்போகும் காலம் முழுவதும் சேர்ந்து எட்டு ஆண்டு வருமானத்துக்கு மேல் தேறாது என்று முடிக்கிறார். கொடையாளி அதே எண்ணைப் படித்து, எட்டுக் காசைத் தொடாமல் காத்தால் காலம் முழுவதையும் காக்கலாம் என்று முடிக்கிறார். எண் வேறுபடவில்லை. முதலைத் தின்னக் கூடாது என்ற உறுதி ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. அந்த உறுதி பொருளியலிலிருந்து வருவதில்லை. ஆங்கிலேய அறிஞர் பிராங்க் ராம்சே 1928இல் சேமிப்பின் கணிதம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, பின்னால் வரும் இன்பத்தை அது பின்னால் வருகிறது என்பதற்காக மட்டும் குறைத்து மதிப்பது அறத்தின் கண்ணில் நிற்காது என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவைக் கொண்டு, பழைய அறக்கட்டளை முறையே சரி, ஓராண்டு நிதிநிலை அறிக்கை தவறு என்று முடிப்பது பிழையாகும். என்றென்றைக்கும் என்று எழுதியவை பல என்றென்றைக்கும் நிற்கவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் (1739–1763) அரசி யமுனாம்பாள் பெயரில் நீடாமங்கலத்தில் சத்திரம் அமைத்தார். ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்று பெயர் வழங்கியது. வழிப்போக்கருக்குச் சோறு போட அதற்கு நிலமானியம் விடப்பட்டது. 1799 உடன்படிக்கையில் தஞ்சையின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனபின், இரண்டாம் சரபோஜி சத்திரங்களின் தருமம் தடையின்றித் தொடர வேண்டும் என்று கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நித்தியம் என்று விட்ட தருமம், நிலம் கைமாறியதும் ஒரு மனுவாக மாறியது.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான தாமஸ் ஜெபர்சன் 1789இல் இன்னொரு தலைவரான மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், மண் வாழ்பவர்களுக்கே உரியது, இறந்தவர்கள் அவர்களைக் கட்டிப்போட உரிமையற்றவர்கள் என்று வாதிட்டார். ஒரு தலைமுறைக்கு 19 ஆண்டு என்று கணக்கிட்டு, அதற்கு மேல் எந்தக் கடனும் சட்டமும் செல்லக் கூடாது என்றார். படுகையின் வரலாறு இந்த வாதத்துக்குத் தூரத்துச் சான்றன்று. பிராமணருக்கும் கோயிலுக்கும் விட்ட நிலங்களான பிரமதேயமும் தேவதானமும் நிலைத்தபோது, அந்த நிலத்தில் உழைத்தவர்களின் நிலையும் சேர்ந்தே நிலைத்தது. சந்திரன் சூரியன் உள்ளவரை என்ற சொல் கொடையைக் காத்தது போலவே, பண்ணையாள் முறையையும் காத்தது. குடிமராமத்து என்று பெருமையோடு பேசப்படும் வழக்கத்தில் மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள். 1858இல் சென்னை மாகாணம் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆக்கியது. பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் தஞ்சைக்கு வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலி பற்றிய வழக்கு. ஆகவே எதிர்காலத்துக்காக என்று யாராவது சொல்லும்போது, யாருடைய எதிர்காலம், யாருடைய இன்றைய கூலியிலிருந்து என்று கேட்பது கட்டாயம்.

இந்த இடத்தில் ஓராண்டு ஒப்புதலின் அறம் விளங்கும். பணம் மக்களுடையது, அதை ஆண்டுதோறும் மக்களின் பிரதிநிதிகளிடம் கேட்டே செலவிட வேண்டும், கேளாமல் நீளும் அதிகாரம் கொடுங்கோன்மைக்கு வழி என்பது பல நாடுகளில் போராடிப் பெற்ற நெறி. வாழ்பவர்கள் தம் முன்னோரின் முடிவுகளைத் திருத்தும் உரிமை அதில் இருக்கிறது. அந்த உரிமையை இழக்காமல் பிறவாதவர்க்கும் இடம் வைப்பதுதான் சிக்கலின் மையம்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்கு ஒரு விடையை வைத்திருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்தது. அதன் உறுப்பினர்கள் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டு, 360 நாள், பணியாற்றினர். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் தேர்வாகத் தகுதி இழந்தனர். தூர்வாருவதற்கென்று விடப்பட்ட நிலமும் பொன்னும் வேறு கல்வெட்டுகளில் பேசப்படுகின்றன. ஆள் ஆண்டுதோறும் மாறுகிறான், முதல் மாறுவதில்லை. குடவோலை முறை எல்லாருக்கும் திறந்ததன்று, நிலமும் கல்வியும் உள்ளவருக்கே அதில் இடம். அந்தக் குறையோடும்கூட, ஓராண்டுப் பொறுப்பும் நெடுங்கால நிதியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அது நிறுவுகிறது.

இன்றைய நடைமுறையில் இந்த இணைப்பு அறுந்திருப்பதை மேட்டூர் நாட்காட்டி காட்டும். 1934இல் முடிந்த மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது மரபு. ஆற்றுப் படுகை காய்ந்து கிடந்து, தூர்வாரவும் மதகு பழுது பார்க்கவும் ஆள் இறங்கக் கூடிய காலம் எஞ்சிய நாலரை மாதம். மார்ச் 31 அந்த நாலரை மாதத்தை நடுவில் வெட்டுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும் வேலையை ஆண்டு முடிவுக்குள் பட்டியல் போட்டாக வேண்டும். ஏப்ரலுக்குப் பின் புதிய ஒதுக்கீடு, அரசாணை, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிந்து பொக்லைன் வாய்க்காலில் இறங்கும்போது தண்ணீர் வரும் நாள் நெருங்கியிருக்கும். தேர்தல் ஆண்டில் இது இன்னும் இறுகும். 2021இல் இடைக்கால நிதிநிலை அறிக்கை பிப்ரவரி 23 அன்றும், திருத்திய அறிக்கை ஆகஸ்ட் 13 அன்றும் வந்தன. இடையில் ஆட்சி மாறியது, ஜூன் 12 வந்தது, அணையும் திறந்தது. 2022இல் வழக்கத்துக்கு முன்பாக மே 24 அன்றே மேட்டூர் திறக்கப்பட்டதால், அந்த ஆண்டின் 80 கோடி ரூபாய்த் தூர்வாரும் பணிக்குக் கிடைத்த நாள்கள் இன்னும் குறைந்தன. வருவாய்த் துறையின் ஜமாபந்தியும் கோயில் கணக்குகளும் இன்றும் ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. ஒரே அரசுக்குள் நிலத்துக்கு ஓர் ஆண்டும் பணத்துக்கு வேறோர் ஆண்டும் ஓடுகின்றன. ஆற்று வேலைக்கு மட்டும் தன் பருவத்துக்கு ஏற்ற ஆண்டு கிடைக்கவில்லை.

நாட்காட்டியைவிட ஆழமான குறை கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் வெளியே போனால் பதிவாகும், சொத்து தேய்ந்தால் பதிவாகாது. சந்தையில் கடன் வாங்கித் தலைப்பைப் புதுப்பித்தால் அது அரசின் கடன் பட்டியலில் ஏறிக் கண்டனத்துக்கு உள்ளாகும். புதுப்பிக்காமல் விட்டால் எங்கும் ஏறாது, சிக்கனம் என்றுகூடப் பெயர் பெறும். உண்மையில் இரண்டும் வருங்காலத்திடம் வாங்கும் கடன்தான். முதலாவதற்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு, திருப்பும் தேதி உண்டு. இரண்டாவதற்குக் கடன் கொடுத்தவரின் சம்மதமே இல்லை, ஏனென்றால் அவர் பிறக்கவில்லை. மராமத்தைத் தள்ளிப்போடுவது அறத்தின் நோக்கில் சாதாரணக் கடனைவிடக் கனமானது என்பதற்கு இதுவே காரணம். சாவா மூவாப் பேராட்டின் கணக்கில் இந்தத் தப்பித்தல் முடியாது. செத்த ஆட்டுக்கு ஈடாக வேறு ஆடு வராத நாளே மந்தையின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் தொலைநோக்குக்கு முயற்சிகள் இல்லாமல் இல்லை. மாநிலத் திட்டக் குழு 1971இல் தொடங்கப்பட்டது. 2003இன் நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம், நிதிநிலை அறிக்கையோடு நடுத்தர கால நிதித் திட்டத்தையும் அவையில் வைக்கச் செய்தது. 2012இல் வெளியான தொலைநோக்கு 2023 ஆவணம் உள்கட்டமைப்புக்கு 15 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டை எதிர்நோக்கியது. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. இவற்றில் நடுத்தர காலத் திட்டம் மொத்த வருவாய், பற்றாக்குறை, கடன் ஆகியவற்றைப் பற்றிப் பேசும். கோரையாற்றின் கரை எந்த நிலையில் இருக்கிறது என்பது அதன் வேலையன்று. தொலைநோக்கு ஆவணம் வேலைகளைப் பற்றிப் பேசும், அதன் பின்னால் சட்டமன்றம் வாக்களித்த பணம் இல்லை. திட்டமும் பணமும் தனித்தனிப் புத்தகங்களில் வாழ்வதே இங்குள்ள பழைய நோய்.

இரண்டும் ஒன்றாக வந்த அரிய இடம் வெண்ணாறு உபவடிநிலத்தில் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வகையில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. கடன் ஒப்பந்தம் பல ஆண்டுக்கானது. எந்த ஆண்டு எந்த வேலை, என்ன அளவு என்று முன்கூட்டியே எழுதியாக வேண்டும். ஒதுக்கீடு ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் வழியேதான் வருகிறது, ஆனால் அதைக் குறைத்தால் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வெளியே இருக்கிறது. வெளிநாட்டு வங்கியிடம் எழுதிக் கொடுத்த வாக்குக்கு இருக்கும் கட்டு, கடைமடையில் பிறக்கப்போகும் குழந்தைக்குக் கொடுத்த வாக்குக்கு இல்லை. இது யாருடைய தனிக்குற்றமும் அன்று. அந்தக் குழந்தைக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திட யாரும் நியமிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நியமித்த நாடுகளும் உண்டு. 1953இல் கடல் புகுந்து பேரழிவைக் கண்ட நெதர்லாந்து, 2012இல் நடைமுறைக்கு வந்த டெல்டா சட்டத்தின்படி வெள்ளப் பாதுகாப்புக்கும் நன்னீருக்கும் தனி ஆணையரையும் தனி டெல்டா நிதியத்தையும் அமைத்தது. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் அதைப் பரிசீலிக்கிறது, நிதியத்தில் எஞ்சும் பணம் காலாவதியாவதில்லை. வேல்ஸ் 2015இல் வருங்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்கென்று சட்டம் இயற்றி, அவர்கள் சார்பில் பேச ஓர் ஆணையரை வைத்தது. படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகையைச் சேர்ந்ததே. இன்ன தொழில் இங்கே வரக் கூடாது என்று அது வருங்காலத்துக்காகத் தடுக்கிறது. தடுப்பதோடு நிற்கிறது. மண்டலத்தின் மதகுகளுக்கும் கரைகளுக்கும் ஆண்டுதோறும் குறையாத ஒரு முதலை அது வைக்கவில்லை. வைத்திருந்தால் காலாவதியாகாத மராமத்து நிதி, ஒவ்வொரு தலைப்பின் நிலையையும் சொல்லும் சொத்துப் பதிவேடு, அந்தப் பதிவேட்டை மானியக் கோரிக்கையோடு சேர்த்து அவையில் வைக்கும் கடமை ஆகிய மூன்றும் வந்திருக்கும். அவற்றில் எதற்கும் அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. வாழ்பவர் ஆண்டுதோறும் வாக்களிக்கும் உரிமையும் குறையாது. என்ன தேய்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வாக்களிப்பார்கள்.

காவிரியின் உடன்படிக்கைகளே இத்தனை ஆண்டு என்று காலத்தை எழுதிச் செய்யப்பட்டவை. 1924 ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் 50 ஆண்டுக்குப் பின் மறுபார்வைக்கு விடப்பட்டன. அந்த 50 ஆண்டு 1974இல் முடிந்தபோது எழுந்த வழக்கு தலைமுறைகளைத் தின்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று வகுத்து, அந்தப் பங்கீடு 15 ஆண்டுக்கு நிற்கும் என்றது. அதன்படி 2033இல் கணக்கு மறுபடி திறக்கக் கூடும். கிடைத்த நீரை எவ்வளவு வீணாக்காமல் கடைமடை வரை கொண்டுபோனார்கள் என்ற கேள்வி அப்போது எழும். இன்னும் சில நிதிநிலை அறிக்கைகளே அதற்கு முன் மிச்சம். அன்றைக்கு வாதத்தில் வைக்கப்படப் போவது இந்த அறிக்கைகளில் மராமத்துக்கு எழுதப்படும் தொகையும், மூணாறு தலைப்புக்குக் கீழே அந்தத் தொகை செய்துகாட்டும் வேலையும்.